வார்டில் வாங்கிய அடி ரிப்போர்ட் புக்கில் ஏன் ஏறுவதில்லை?

மல்லிகைப்பந்தல்:

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் பாலியல் வன்முறை செய்யப்பட்டுக் கொலை, நவம்பரில் நம் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் டாக்டருக்குக் கத்திக்குத்து. இரண்டு தடவையும் ஊரே மருத்துவமனைப் பாதுகாப்பு பற்றிப் பேசியது, பேசவும் வேண்டும். நான் கேட்க வருவது அதற்குக் கீழே தினமும் நடப்பதைப் பற்றி. கத்தி வந்தால் செய்தியாகிறது. கன்னத்தில் அறை, கையைப் பிடித்து முறுக்குவது, தண்ணீர் பாட்டிலை வீசுவது, ஊசி போடக் குனியும்போது தெரியாத மாதிரி கை வைப்பது, ‘டியூட்டி முடிந்து வெளியே வருவாய் இல்லையா, அப்போது பார்த்துக்கொள்கிறேன்’ என்பது, இதெல்லாம் எங்கே பதிவாகிறது?

நான் இப்போது தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப். அதற்கு முன் தொகுப்பூதியத்தில் அரசு மருத்துவமனையில் இருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே கதைதான். நோயாளிக்கு எத்தனை மில்லி சிறுநீர் போனது என்பது வரை எழுதுகிறோம், அவருடைய மகன் சிஸ்டரை அடித்ததை எழுதுவதில்லை. மிஞ்சிப்போனால் ‘அட்டெண்டர் (நோயாளியின் துணைக்கு நிற்பவர்) சத்தம் போட்டார்’ என்று ஒரு வரி இருக்கும். ஹேண்ட்ஓவரில் மட்டும், ‘ஏழாம் பெட் மகன் ஒரு மாதிரி, பார்த்துக்கோ’ என்று வாய்வார்த்தையாக அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போகும். அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் அந்த வாய்வார்த்தையும் போய்விடும்.

சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியாகத் தாக்கப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 எங்கே, 38 எங்கே. இவ்வளவு பெரிய இடைவெளி வருவதற்கு, பாதிப் பேர் எழுதாமல் விடுவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இங்கே நர்ஸ்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாராவது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்தபின் என்ன ஆனது? ஆறுதல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

நான் இந்தத் துறை இல்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீன் கிடையாது என்று ஆஸ்பத்திரிகளில் போர்டு பார்த்திருக்கிறேன். கேமரா இருக்கிறது. பெரிய ஜி.எச்.களில் போலீஸ் அவுட்போஸ்ட்டே வளாகத்துக்குள் இருக்கிறது. நடந்து போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? ஏன் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நைட்_டியூட்டி:

ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது அண்ணா? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர். நான் இருக்கும் ஜி.எச்.சில் இரவில் முழு வார்டையும் ஒருவரோ இருவரோதான் பார்க்கிறோம், கட்டில் போதாமல் தரையில் படுத்திருப்பவர்களையும் சேர்த்து. நான் அவுட்போஸ்ட்டுக்கு நடந்துபோன நேரத்தில் யாருக்காவது மூச்சு நின்றால், அடித்தவன் மீது நடவடிக்கை வருமோ வராதோ, வார்டை விட்டுப் போனேன் என்று என் மீது மெமோ வரும். அடி வாங்கினால் இடத்தில் நின்றுதான் வாங்க வேண்டும்.

ஆண் நர்ஸ் என்பதால் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேறு வார்டில் தகராறு என்றால் ‘பிரதரைக் கூப்பிடு’ என்பார்கள். செக்யூரிட்டி என்று இருப்பவர் அறுபது வயது தாத்தா, ஒப்பந்த நிறுவனம் அனுப்பியவர், அவரையே நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதாமல் விடுவதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெடிக்கல் வார்டில் எங்களை அதிகம் அடிப்பது குடி நிறுத்திய நோயாளிகள். அட்மிஷன் ஆகி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பூச்சி ஊர்கிறது என்பார், கையில் குத்திய ஊசிக்குழாயை (கேனுலா) பிடுங்கி எறிவார், பிடிக்கப் போனவருக்கு அடி விழும். அவருக்கு அப்போது தன் பெயரே தெரியாது. அவர் மீது போலீஸுக்குப் போக எந்த நர்ஸுக்கும் மனம் வராது, போகவும் கூடாது. ஆனால் ‘பாவம், தெரியாமல் செய்தது’ என்று எழுதாமலும் விட்டுவிடுகிறோம். எங்கள் வார்டில் அப்படி ஒருவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டு, மறுநாள் இரவு புதிதாக வந்த சிஸ்டர் தனியாகப் போய்க் கைக்கட்டை அவிழ்த்தபோது மூக்கில் குத்து விழுந்தது. போலீஸ் புகார் வேறு, சம்பவத்தைப் பதிவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து இரண்டையும் செய்யாமல் விடுகிறோம்.

ஓய்வுபெற்ற_மேட்ரன்:

நைட்_டியூட்டி தம்பி சொன்னது முழுக்கச் சரி. மல்லிகைப்பந்தல் கேட்டதற்கு நான் மேலே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள், எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை.

ஒரு சிஸ்டர் அழுதுகொண்டே எழுதிக் கொடுப்பாள். அது வார்டு இன்சார்ஜிடம் போகும். இன்சார்ஜ் என்னிடம் கொண்டுவருவார். நான் ஆர்.எம்.ஓ.விடம் (உறைவிட மருத்துவ அலுவலர்) கொடுக்க வேண்டும், அவர் டீனிடம் வைக்க வேண்டும், டீன் அலுவலகம்தான் போலீஸுக்குக் கடிதம் அனுப்பும். இந்தப் படிகளில் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, ‘நீ என்ன சொன்னாய், அவன் அடிப்பதற்கு?’ இரண்டாவது கேள்வி, ‘இது வெளியே போனால் பத்திரிகைக்காரன் வருவான், தேவையா?’ கடிதம் ஆர்.எம்.ஓ. மேசையில் இருக்கும்போதே கட்சி வட்டத்திலிருந்தோ கவுன்சிலரிடமிருந்தோ போன் வந்துவிடும். அப்புறம் அடித்தவனை அழைத்து வந்து ஒரு அறையில் நிறுத்தி, ‘தங்கச்சி மாதிரி நினைத்து மன்னித்துக்கொள்ளம்மா’ என்பார்கள். அவளும் தலையாட்டுவாள், வேறென்ன செய்வாள்? நாளைக்கும் அதே வார்டு, கட்டிலில் படுத்திருப்பது அவனுடைய அப்பா.

இது இன்று வந்த பழக்கம் இல்லை. நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கு உங்களில் பலருக்கு 2011-இல் வந்த கருணைக்கொலைத் தீர்ப்பாகத்தான் தெரியும். நர்ஸ்கள் அதை வேறு விதமாகப் படிக்க வேண்டும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பர் 27 இரவு, அங்கேயே வேலை பார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைப் பாலியல் வன்முறை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல், 2015 மே 18 அன்று இறக்கும் வரை 41 ஆண்டுக்கு மேல் அதே மருத்துவமனையின் கட்டிலிலேயே கிடந்தார். குற்றவாளிக்குக் கிடைத்தது 7 ஆண்டு. கொலை முயற்சியும் கொள்ளையும் மட்டும்தான் வழக்கில் இருந்தன. பாலியல் வன்முறை வழக்கில் சேரவே இல்லை. கல்யாணம் நிச்சயமான பெண், பெயர் கெட்டுவிடும் என்று மருத்துவமனை நிர்வாகமே அதை வெளியே சொல்லவில்லை. அவரிடம் கேட்கவும் வழியில்லை, அவர் பேச முடியாத நிலையில் இருந்தார். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்தது அடி வாங்கியவர் இல்லை. இன்று வரை நம் வார்டுகளில் அப்படித்தான் இருக்கிறது.

அவரை அத்தனை ஆண்டும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டது கே.இ.எம். நர்ஸ்கள். மாநகராட்சி வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தபோது போராடித் தடுத்ததும் அவர்களே. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திண்டுக்கல்_பாலா:

நான் அட்டெண்டராக நின்றவன். என் அம்மாவுக்காகப் பல மாதம் ஜி.எச். வராந்தாவில் படுத்திருக்கிறேன். யாரையும் அடித்ததில்லை, அடிப்பதை நியாயப்படுத்தவும் இல்லை. ஆனால் இந்த இழையில் ஒரு பக்கம் மட்டுமே வருகிறது.

ஸ்கேனுக்கு அனுப்பினார்கள், அங்கே நாளை வா என்றார்கள், டாக்டர் காலையில் ஒருமுறை வந்து போனதோடு சரி, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளக் கை நீட்டினார்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று தெரியவே பல நாள் ஆனது. யாரைக் கேட்பது? கண்ணில் படுவது சிஸ்டர் மட்டும்தான். கேட்டால் ‘டாக்டரைக் கேளுங்க’. ஒரு சிஸ்டர் என்னைப் பார்க்காமலேயே ‘அங்க போய் நில்லு’ என்றார். என்னைவிட வயதில் சின்னவர். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஏழை என்றால் ஒருமையில்தான் பேசுவார்களா?

மல்லிகைப்பந்தல்:

பாலா அண்ணா, ஒருமையில் பேசியது தவறு, அதில் வாதமே இல்லை. ஸ்ட்ரெச்சருக்குக் காசு கேட்டதும் தவறு. ஆனால் நீங்கள் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். ஸ்கேன் தாமதம், டாக்டர் வராதது, ரத்தம் இல்லாதது, இதில் எதுவும் சிஸ்டர் கையில் இல்லை. நோய் என்ன என்று நாங்களாகச் சொன்னால் எங்களுக்கு டாக்டரிடம் திட்டு. ஆஸ்பத்திரியின் எல்லாக் கோளாறுக்கும் இருபத்துநான்கு மணி நேரமும் கண் முன்னால் நிற்கும் ஆள் நாங்கள். அடியும் அங்கேதான் விழுகிறது.

அப்புறம் நான் எழுதச் சொல்வது உங்களை மாதிரி ஆட்களை உள்ளே தள்ளுவதற்கு இல்லை. ‘இன்று ஸ்கேன் மூன்றாம் முறை தள்ளிப்போனது, மகன் கத்தினார்’ என்று ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தால், கோபம் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும். எழுதாதபோது, சிஸ்டருக்கும் அட்டெண்டருக்கும் நடந்த வாய்த்தகராறாகவே அது முடிந்துபோகிறது, ஸ்கேன் அறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

திண்டுக்கல்_பாலா:

அது சரி. ஸ்கேன் விஷயம் எழுத்தில் வந்தால் நானே கையெழுத்துப் போடுவேன்.

கோர்ட்டு_வாசல்:

வழக்கறிஞர், பெரும்பாலும் குற்றவியல். கரிசல்காட்டான் சொன்ன போர்டில் இருப்பது தமிழ்நாடு சட்டம் 48/2008. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, அபராதம், ஜாமீனில் விட முடியாத குற்றம். டாக்டர் மட்டும் இல்லை, பதிவு பெற்ற நர்ஸ், நர்சிங் மாணவி, பாராமெடிக்கல் எல்லாரும் இதில் வருகிறார்கள். தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். ரத்தம் வந்திருக்க வேண்டும் என்று இல்லை, மிரட்டுவதும் வேலையைத் தடுப்பதும்கூட இந்தச் சட்டத்தில் வன்முறைதான். பேப்பரில் பார்த்தால் இதைவிடக் கடுமையான சட்டம் கேட்க முடியாது.

நடப்பது வேறு. ஸ்டேஷனில் முதலில் புகார் வந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை, நிறைய சிஸ்டர்கள் அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாலும் ஆபாசமாகத் திட்டியது, லேசான காயம், மிரட்டல் என்று பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 296(b), 115(2), 351(2) போடுவார்கள், பழைய 294(b), 323, 506 தான் புது எண்ணில். 48/2008-ஐச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை என்றால் அது சேராது. அரசு ஊழியர் என்றால் 132-உம் வர வேண்டும், பணி செய்யவிடாமல் தாக்கியதற்கு. இன்னொன்று, 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் கொடுக்கிறது. இந்தச் சட்டத்தில் தண்டனை 10 ஆண்டு வரை போவதால் அந்தச் சாக்குப் பொருந்தாது. இதைச் சொன்னாலே பாதி ஸ்டேஷன்களில் பேச்சு மாறும்.

வழக்கு ஏன் நிற்பதில்லை என்றால் பெரும்பாலும் ஒரே காரணம், அன்றைய இரவுக்கான காகிதம் இருக்காது. தெருவில் அடிதடி என்றால் காயம்பட்டவன் நேரே கேஷுவால்டிக்கு வந்து ஏ.ஆர். போட்டுக்கொள்வான், ‘தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாக’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறும், அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் தானாகப் போகும். ஊரில் அடி வாங்கிய எல்லாருக்கும் ஏ.ஆர். போட உதவும் சிஸ்டர், தனக்கு ஏ.ஆர். போட்டுக்கொள்வதில்லை! வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். ஒரு வாரம் கழித்து சங்கம் சொல்லிப் புகார் கொடுக்கும்போது, காயச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் இல்லை. கேமரா பதிவும் நாட்பட்டால் அழிந்துவிடும்.

பாலியல் சீண்டல் என்றால், அட்டெண்டரோ நோயாளியோ செய்தாலும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டு சட்டம் பொருந்தும். வெளியாள் செய்தார் என்று கைகழுவ முடியாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், பணியாளர் அல்லாதவர் மீதும் குற்ற நடவடிக்கை எடுக்க வைப்பது முதலாளியின் கடமை என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளகக் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் தனி.

மத்தியச் சட்டம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2019-இல் வரைவு வெளியிட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். 2020 கோவிட் நேரத்தில் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி 5 ஆண்டு, படுகாயம் என்றால் 7 ஆண்டு வரை என்று கொண்டுவந்தார்கள், அது தொற்றுநோய் அறிவிக்கப்பட்ட காலத்துக்கு மட்டும். ஆர்.ஜி. கருக்குப் பிறகு, தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் தன் மருத்துவமனைகளுக்கு உத்தரவு போட்டது. எனக்கு அதில் பிடித்தது 6 மணி நேரம் இல்லை, புகார்தாரர் யார் என்று மாற்றியதுதான். அந்தச் சிஸ்டர் தனியாளாகக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பெயர்_வேண்டாம்:

மேலே எல்லாம் ஜி.எச். கதை. கார்ப்பரேட் மருத்துவமனையில் சமாதானம் பேசக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். அட்டெண்டர் சிஸ்டர் முகத்தில் ரிப்போர்ட் ஃபைலை எறிந்தார். மார்க்கெட்டிங் மேலாளர் வந்தார், அந்த அட்டெண்டருக்கு காபி வாங்கிக் கொடுத்தார், பில்லில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார், அந்தச் சிஸ்டரை மன்னிப்புக் கேட்க வைத்தார். கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடக் கூடாதாம்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் இருக்கிறது. அசல் சான்றிதழ் ஹெச்.ஆர். அலமாரியில் இருக்கிறது. எக்ஸ்பீரியன்ஸ் சான்றிதழ் இல்லாமல் வளைகுடாவுக்கும் போக முடியாது, ஜெர்மனிக்கும் போக முடியாது. நாங்கள் இரண்டு வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட்டுப் போகத்தான் பார்க்கிறோம். புகார் கொடுப்பது அங்கேயே இருக்கப்போகிறவர்கள் செய்ய வேண்டியது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் கத்தரிக்கோலைத் தட்டில் எறியும் சர்ஜன், எல்லார் முன்னாலும் ‘நீயெல்லாம் எங்கே படித்தாய்’ என்று கேட்கும் சீனியர், இதுவும் இந்த இழையில்தான் வர வேண்டும். அதை யாரிடம் எழுதிக் கொடுப்பது, அந்தச் சர்ஜன்தான் கமிட்டியில் தலைவர்.

லீட்ஸ்_தமிழச்சி:

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். (அரசு சுகாதாரச் சேவை) வார்டில் இருக்கிறேன். இங்கே அவசரப் பணியாளர்களைத் தாக்கினால் 2018-ஆம் ஆண்டு தனிச் சட்டம் உண்டு, முதலில் 1 ஆண்டு சிறை, 2022-இல் 2 ஆண்டாக்கினார்கள். உங்கள் 10 ஆண்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் சம்பவத்தைப் பதிய கணினியில் டேட்டிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தன் பெயரில் போடலாம், இன்சார்ஜிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. போட்டவுடன் மேனேஜருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் போய்விடும்.

அப்படியும் எழுதுவதில்லை! ஆண்டுதோறும் எடுக்கும் என்.எச்.எஸ். பணியாளர் கணக்கெடுப்பில் ஏழு பேரில் ஒருவர், கடந்த 12 மாதத்தில் நோயாளியோ உறவினரோ பொதுமக்களோ உடல்ரீதியாகத் தாக்கியதாகச் சொல்கிறார்கள். ஆனால் என் வார்டில் மறதி நோய் உள்ள தாத்தா கிள்ளினால், கடித்தால், யார் டேட்டிக்ஸைத் திறக்கிறார்கள்? ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடிக்க வேண்டும், படிவம் அரைமணி நேரம் பிடிக்கும், பதில் ‘ஊழியருக்கு ஆதரவு வழங்கப்பட்டது’ என்று வரும். நிறத்தைச் சொல்லித் திட்டுவதை இன்னும் குறைவாகவே பதிகிறோம். அவசர சிகிச்சை தவிர மற்றதை அப்படிப்பட்டவர்களுக்கு மறுக்கலாம் என்று 2020-இலிருந்து விதி இருந்தும், விசாவில் இருப்பவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவ்வளவு லேசு இல்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்மை. எங்கள் பக்கத்து வார்டில் ஒரு சிஸ்டர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார், எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் அந்த வார்டுக்கு இரவில் ஒரு ஆள் கூடக் கிடைத்தது.

தரக்_கட்டுப்பாடு:

நான் ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் இருக்கிறேன், மருத்துவமனைகளுக்கான என்.ஏ.பி.எச். தரச்சான்று வேலை. லீட்ஸ் தோழி சொன்ன கடைசி வரிதான் விஷயம் என்பேன். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் ஜூடித் ஆர்னெட்ஸ் குழுவினர் ஊழியர்களிடம் கேட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள், 2015-இல் வெளிவந்தது. வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் கணினியில் பதியவே இல்லை. அங்கே படிவமும் உண்டு, கட்டாயமும் உண்டு.

நம் ஊரில் என்ன நடக்கிறது என்றால், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் நிர்வாகம் கேட்கும், ‘இந்த மாதம் எத்தனை?’ பூஜ்யம் என்று சொன்னால் சந்தோஷம். படுக்கைப்புண், கேனுலா வீக்கம், மருந்து மாறியது இவை கூடினால் நர்ஸைக் கேட்கிறார்கள், அதனால் வன்முறைப் படிவத்தையும் அதே பயத்தோடு பார்க்கிறார்கள், ஏதோ அவள் செய்த தவறு மாதிரி. நாட்டளவிலும் அப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் இதற்கென்று தனித் தலைப்பு கிடையாது. நாடாளுமன்றத்தில் கேட்டாலும் மாநில விஷயம், மத்தியில் தொகுப்பதில்லை என்று பதில் வரும். தலைப்பே இல்லாதபோது எதைக் காட்டி ஆள் கேட்பது?

நாங்கள் படிவத்தைக் குறைத்தோம். நேரம், கட்டில், என்ன நடந்தது, அப்போது வார்டில் எத்தனை ஸ்டாஃப், எதற்காகக் கோபம், அவ்வளவுதான். ‘இதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதை எடுத்துவிட்டோம். பதிவு ஏறியது. நிர்வாகத்துக்குத்தான் பிடிக்கவில்லை.

கரிசல்காட்டான்:

அந்தக் கட்டத்தை முதலில் வைத்தது யார் என்று கண்டுபிடியுங்கள் சார்.

மல்லிகைப்பந்தல்:

எங்களிடம் இன்னும் அந்தக் கட்டம் இருக்கிறது. படிவமும் இன்சார்ஜ் லாகினில் மட்டும்தான் திறக்கும். சம்பவம் இரவில், இன்சார்ஜ் வருவது காலை 8 மணிக்கு, அதற்குள் அவரவர் பஸ் ஏறிவிடுகிறோம்.

கோர்ட்டு_வாசல் சார், இரண்டு கேள்வி. கேஷுவால்டி டாக்டர் ‘ஸ்டாஃபுக்கெல்லாம் எதற்கு ஏ.ஆர்., விடும்மா’ என்றால் என்ன செய்வது? தனியாரில் இருப்பவர்கள் எங்கே போவது?

கோர்ட்டு_வாசல்:

தனியாரில் இருப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே அருகிலுள்ள ஜி.எச். கேஷுவால்டிக்குப் போங்கள், எங்கே, எப்போது, யார் என்று உங்கள் வாயால் சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். காயத்தைத் துணைக்கு வந்தவர் போனில் படம் எடுக்கட்டும்.

டாக்டர் மறுத்தால் சண்டை போட வேண்டாம். சம்பவத்தையும், ஏ.ஆர். கேட்டு மறுக்கப்பட்டதையும் ஒரே தாளில் எழுதி, ஆர்.எம்.ஓ. அல்லது கண்காணிப்பாளர் பெயருக்கு கடிதங்களை வாங்கும் டபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி நேரத்தைக் குறிப்பிட்டு அதிலேயே ஒரு வரி சேருங்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில், சென்னை மாதிரி ஊர்களில் கமிஷனர் அலுவலகத்துக்கு. அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு, 173(4) அதற்குத்தான் இருக்கிறது.

சமாதானம் பேசக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் எதிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் அந்தத் தாளை வைத்துத்தான் ஹைகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனு வரும்.

நைட்_டியூட்டி:

டபால் பிரிவு சனி மதியத்தோடு மூடிவிடும் சார். எங்களுக்குத் தகராறெல்லாம் சனி இரவுதான், குடித்துவிட்டு வருவார்கள்.

கோர்ட்டு_வாசல்:

அப்படியென்றால் ஸ்டேஷனுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள் தம்பி, டீன் அலுவலகத்துக்கும் அதிலேயே நகல் போகட்டும். மின்னணு வழியில் தகவல் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், திங்கள் நைட் முடிந்து போனாலும் கணக்குக்குள் வரும்.

ஓய்வுபெற்ற_மேட்ரன்:

கையெழுத்துப் போடப் போகும்போது தனியாக அனுப்பாதீர்கள். இன்சார்ஜ் வர மாட்டேன் என்றால் இங்கே எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். மதுரைப் பக்கம் என்றால் நான் வருகிறேன், எனக்கு இனி எந்த மெமோவும் வராது.